உப்புப் பொருக்கில் ஒரு செருப்புத் தடம்

அந்தத் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டக்கா என்றால் தபால்காரருக்கும் தெரியும். வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு, மோட்டார் அறைக்கு ஒன்று, மண்வெட்டியும் கடப்பாரையும் கிடக்கும் தகரக் கொட்டகைக்கு இரண்டு. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் கைப்பிடியைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில், இடுப்பில். அவள் வருவதற்கு முன்பே அவள் சத்தம் வந்துவிடும். புதுப் பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்களே, அந்த இரண்டாவது சாவியும் அதே வளையத்தில்தான் தொங்கும்.

"ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா ரெண்டும் சேர்ந்தே தொலையுமேம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"தொலையாது."

அத்தோடு பேச்சு முடிந்தது.

கடையில் நிறுத்த பொருளை வீட்டில் மறுபடி நிறுப்பாள். காய்ச்சல் என்று போனால் டாக்டரின் தெர்மாமீட்டரை முதலில் உதறிக் காட்டச் சொல்வாள். பிறவிக் குணம் என்று சிலர் சொன்னார்கள். முழுக்க அப்படியில்லை. கணவர் இருந்தவரை நம்புகிற வேலையை அவர் பார்த்துக்கொண்டார், சரிபார்க்கிற வேலையை இவள் பார்த்தாள். அவர் போன பிறகு சரிபார்க்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

அவள் வயலுக்குக் கீழே கொழுந்தனின் வயல். அதற்கும் கீழே, அந்தப் பக்கத்து வயல்களின் மிச்சத் தண்ணீரையெல்லாம் சுமந்து போகும் பெரிய வடிகால். இரண்டு வயலுக்கும் நடுவில், வரப்பை ஒட்டி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வெட்டியது. அது வரப்போரமாக ஓடி, கொழுந்தன் வயலின் விளிம்பில் திரும்பி, பெரிய வடிகாலில் போய் விழும்.

கணவர் இறந்த வருஷம் பூட்டக்கா முதன்முறையாகத் தானே தண்ணீர் பாய்ச்சினாள். பாய்ச்சி முடித்து வரப்பில் வந்து நின்றால், தன் வயலிலிருந்து கசிந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கொழுந்தன் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நாளைக்கு ஒரு முறை, ஒரு காலை நேரம் மட்டும்தான் அவளுக்குத் தண்ணீர் முறை. அதில் ஒரு பங்கு கண்ணெதிரே அடுத்தவன் நிலத்துக்குப் போகிறது! இரண்டு பேரை வைத்து அந்த வாரமே பள்ளத்தை மூடினாள். மூடிய இடத்தில் வெங்காயமும் நட்டாள். கொழுந்தன் தூரத்திலிருந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறு என்ன சொல்வான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் பீன்ஸ் இலைகளின் ஓரம் கருகியது. நான்காம் வருஷம் வெங்காயம் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிட்டது. ஐந்தாம் வருஷம் வரப்போர மூலையில் மாவைச் சலித்துக் கொட்டியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. ஏழாம் வருஷம் அந்த வெள்ளை பாதி வயலைப் பிடித்துவிட்டது. நடந்தால் காலடியில் பொருக்குப் பொருக்காக நொறுங்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

கொழுந்தன் வயலில் அது இல்லை. பச்சைப்பசேல் என்று நின்றது.

"அவன் ஏதோ பண்றான்" என்றாள் மகளிடம்.

"சித்தப்பா லாரி வெச்சு உப்பைக் கொண்டுவந்து கொட்டறாரா? உனக்கே சிரிப்பு வரலையாம்மா?"

"வரல. போன மாசம் வந்து, 'அண்ணி, உங்களால முடியலன்னா வயலை நான் எடுத்துக்கறேன்'னு கேட்டான். நல்லா இருந்தப்போ ஏன் கேக்கல?"

மகள் பெருமூச்சு விட்டாள். அவள் டவுனில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பொறுமைக்குப் பேர் போனவள். அன்று அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "இன்னும் ஒரே ஒரு விதைப்பு. அதுவும் முளைக்கலன்னா சித்தப்பாகிட்ட குடுத்துட்டு என்கூட வந்து இரு. வார்த்தை குடு."

பூட்டக்கா வார்த்தை கொடுத்தாள். கொடுத்த வார்த்தையை மீறுகிறவள் இல்லை அவள். அதனால்தான் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. ஒரே ஒரு விதைப்பு. அது முளைத்தால் வயல், இல்லாவிட்டால் மகள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில்.

கண்கொத்திப் பாம்பாக வயலைக் காவல் காத்தாள். உப்புப் பொருக்கில் ஒரு வசதி உண்டு. யார் நடந்தாலும் தடம் அப்படியே பதிந்து நிற்கும். ஒரு காலையில் அவள் அதைப் பார்த்தாள். வரப்போரமாக, மூடிய பள்ளத்தின் மேலேயே, ஒரு செருப்புத் தடம். இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்த செருப்பு. அந்த நடை குடும்பத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. தடத்தோடு தடமாக, பத்தடிக்கு ஒன்றாக, கடப்பாரையால் கை நுழையும் அகலத்துக்குக் குத்திய குழிகள். குனிந்து முதல் குழிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனதும் விரல் நுனியில் ஈரம் தட்டியது. தண்ணீர். நாக்கில் வைத்தவள் துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடல் தண்ணீர் தோற்றுவிடும்.

உப்பைக் கரைத்துக் குழி குழியாக ஊற்றுகிறான்! மகள் கேட்ட கேள்விக்கு இதோ சாட்சி.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டாள். கையோடு மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட நினைத்தாள். ஆனால் மண் பரிசோதிக்கிறவர் யோக்கியரா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரே இடத்தில், ஒரு சாண் தள்ளித் தள்ளி, இரண்டு பையில் மண் எடுத்தாள். ஒன்றின் மேல் 'மேல் வயல்' என்றும் மற்றதன் மேல் 'கீழ் வயல்' என்றும் எழுதினாள். இரண்டுக்கும் ஒரே கணக்கு வந்தால் ஆள் நேர்மை. இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து எழுதுகிறவர்.

மண் பரிசோதனைக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி அறை. சுவரோரம் பெயர் ஒட்டிய நூற்றுக்கணக்கான மண் பைகள். பைகளைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அவள் மறுபடி போனபோது பரிசோதகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைத் தேடி எடுத்தார்.

"உங்க முடிவு வந்திருக்கும்மா. உப்போட அளவு மேல் வயல்ல பன்னிரண்டு. அது ரொம்ப அதிகம். கீழ் வயல்ல மூணு. அது பரவாயில்ல."

பூட்டக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. ரெண்டு பையும் ஒரே இடத்து மண்ணு. ஒரு சாண் தூரம்தான். மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா, இல்ல மனசுல தோணினத எழுதினீங்களா?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "எனக்கே பரீட்சையா?"

"ஆமா."

"சரி, வெச்சாச்சு. எந்தச் சாண்ல எடுத்தீங்க, அதைச் சொல்லுங்க."

"ஒண்ணு பார் மேட்டுல, விதைக்கற உயரத்துல. இன்னொண்ணு பக்கத்துச் சால் அடியில, பாசனத் தண்ணி ஓடுற இடத்துல."

அவர் எழுந்து ஜன்னலில் இருந்த மண்தொட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அதில் ஏதோ ஒரு செடி. தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. "இதுக்கு நான் அடித்தட்டுலதான் தண்ணி ஊத்தறேன். வெள்ளை எங்க இருக்கு பாருங்க. உச்சியில. விளக்குத்திரி எண்ணெயை இழுக்கற மாதிரி மண்ணு தண்ணிய மேல இழுக்கும். தண்ணி ஆவியாப் போயிடும். உப்பால பறக்க முடியுமா? அங்கேயே தங்கிடும். நீங்க பார் உச்சியிலதானே விதைக்கறீங்க?"

"எல்லாரும் அங்கதான் விதைப்பாங்க."

"உப்பு வயல்ல அது உப்பு மூட்டை மேல விதைக்கற மாதிரி. தோள்ல விதைங்க, பாரோட சரிவுல. அங்க உப்பு கம்மி."

பூட்டக்கா பிடிகொடுக்கவில்லை. பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். "இது என் வயல்ல ஒருத்தன் ஊத்தின உப்புத் தண்ணி. அதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழம் என்று கேட்டார். முழங்கை ஆழம் என்றதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஊத்தின தண்ணி இல்லம்மா இது. அடியில நிக்கற தண்ணி, அவ்வளவு மேல வந்திருக்கு. பாசனத்துக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா விடறீங்களா?"

"முறையில வர்றதத் தொட்டியில பிடிச்சு வெச்சு விடறேன். வீணாக்கக் கூடாதுல்ல?"

"உப்பை நனைச்சு நனைச்சு வெச்சிருக்கீங்க. கழுவல. கணுக்கால் அளவு தண்ணிய ஒரே மூச்சுல தேக்கணும். அது உப்பைக் கரைச்சுக் கீழ இறங்கி வயலை விட்டு வெளிய போகணும். வெளிய போக வழி இருக்கா?"

இடுப்புச் சாவிகள் ஒருமுறை சிணுங்கின. "இருந்தது."

"இப்போ?"

"மூடியாச்சு."

"யாரு மூடினது?"

"ரெண்டு ஆளுங்க."

"ஆள் வெச்சது யாரு?"

தொட்டிச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்துகொண்டே, "ஜிப்சம் எத்தனை மூட்டை எழுதப் போறீங்க?" என்றாள்.

"ஜிப்சம் வேண்டாம். அது இறுகிப்போன களர் மண்ணுக்கு. உங்களுது உவர் மண்ணு, வெறும் உப்பு. தண்ணியும் வடிகாலும் போதும். முதல் போகத்துக்கு வெங்காயம், பீன்ஸ் வேண்டாம், பருத்தி போடுங்க. அது உப்பைத் தாங்கும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான் அவளைக் குடைந்தது. அவர் ஏன் எதையும் விற்கவில்லை? தன் தலையில் எதையும் கட்டாத ஒரு மனிதரை அவள் சமீபத்தில் பார்த்ததில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் மருந்தடிக்கும் தெளிப்பானின் மூக்கை ஊசியால் குத்தி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தான். சாவிச் சத்தம் கேட்டு, தலை நிமிராமலே, "வாங்க அண்ணி" என்றான்.

"என் வயல்ல எட்டுக் குழி குத்தினது நீதானே?"

"ஏழு."

"எட்டு. நான் எண்ணினேன்."

"அப்போ எட்டாவது எலி."

"எதுக்குக் குத்தினே?"

"அடித்தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்க. உங்ககிட்டக் கேட்டுட்டு வந்தா விட்டிருப்பீங்களா? நான் சர்க்கரைன்னா நீங்க உப்புன்னுவீங்க."

"என் வயல் தண்ணிமேல உனக்கென்ன அக்கறை?"

அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "வாங்க, காட்டறேன்."

அவன் வயலில், வரப்பை ஒட்டிய முதல் வரிசையைக் காட்டினான். இலைகளின் ஓரம் கருகியிருந்தது. நாலு வருஷம் முன்பு அவள் பீன்ஸில் பார்த்த அதே கருகல். ஓர் இலையைக் கிள்ளி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பெயின்ட் இல்லை, நெருப்பு வைத்ததும் இல்லை. வரப்புக்கு இந்தப் பக்கமும் உப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"எனக்குப் பக்கத்துல பெரிய வடிகால் இருக்கறதால இத்தனை வருஷம் தாங்கிச்சு" என்றான். "இனிமே தாங்காது. உங்க உப்புக்கு வழி விட்டாத்தான் என் ஓரம் பிழைக்கும். இது என் சுயநலம்தான் அண்ணி."

அவன் நல்ல மனசு, குடும்பப் பாசம் என்றெல்லாம் பேசியிருந்தால் அவள் அங்கேயே திரும்பி நடந்திருப்பாள். சுயநலம் என்ற சொல் மட்டும் அவள் காதுக்குள் போய் உட்கார்ந்தது. அதை நம்பலாம்.

"அப்போ வயலைக் கேட்டது?"

"அதுவும் ஆசைதான். உப்பு இல்லாம இருந்தா இன்னும் ஆசை."

"பள்ளத்தைத் திறக்கணும்னா என் நிலந்தானே போகும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "டேப் வெச்சுப் பாத்துடலாமா?"

அவன் கொண்டுவந்த டேப் அவளுக்குச் சரிப்படவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் டேப்பை எடுத்துவந்தாள். எல்லைக்கல்லிலிருந்து இரண்டு முறை அளந்தாள். மூன்றாவது முறை எதிர்முனையிலிருந்து அளந்தாள். மூன்று தடவையும் ஒரே கணக்கு. பள்ளம் ஓடிய அந்த மூன்றடி அகலமும் கொழுந்தன் நிலம். ஏழு வருஷமாக அவள் வெங்காயம் நட்டது அவன் மண்ணில்.

டேப்பைச் சுருட்டி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அண்ணன் போய் மூணு மாசம்கூட ஆகல. நீங்களும் ஆளுங்களோட சேர்ந்து மண்ணு தள்ளிட்டு, மூச்சு வாங்கிட்டு நின்னீங்க. அந்த நேரத்துல வரப்புப் பேச்சா பேசறது?" அவன் வேறெங்கோ பார்த்தான். "அப்புறம் நாளாக நாளாக வாய் வரல."

பூட்டக்கா டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினாள்.

அடுத்த வாரம் பள்ளம் மறுபடி திறந்தது. அவள் வயல் தண்ணீர் பள்ளத்தில் இறங்க வரப்புக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய், அதன் வாயில் ஏற்றி இறக்கும் இரும்புப் பலகை. பெரிய வடிகால் பெருக்கெடுத்தால் தண்ணீர் திரும்பி ஏறிவிடும், அப்போது பலகையை இறக்க வேண்டும் என்றான் கொழுந்தன். பூட்டக்கா தலையாட்டினாள். ஆனால் அவன் வேண்டுமென்றே இறக்கிவிட்டால்? பலகையைத் தூக்கிய நிலையிலேயே சங்கிலி சுற்றிப் பூட்டினாள். இரண்டு சாவியும் இடுப்புக்குப் போயின.

வயலை மட்டப்படுத்தி, பெரிய பெரிய பாத்திகளாகக் கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் தேக்கினார்கள். ஒருவர் முறை போதவில்லை. கொழுந்தன் தன் முறையையும் இரண்டு தடவை விட்டுக்கொடுத்தான். "எதுக்கு?" என்றாள். "என் ஓரம்" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முதல் நாள் குழாய் வழியே மங்கலான தண்ணீர் வந்தது. அவள் குழாய் வாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், உப்பு. நடுவழியில் ஒருமுறை, உப்பு. அவன் எங்கேயாவது அணை போட்டிருந்தால் என்ன செய்வது என்று முழுத் தூரமும் நடந்து, பெரிய வடிகாலில் விழும் இடத்திலும் குனிந்து தொட்டுப் பார்த்தாள். உப்பு. மூன்று முறை தேக்கி மூன்று முறை வடித்த பிறகு அந்தத் தண்ணீர் வெறும் சப்பென்று ஆனது. அன்று மாலை அவளுக்கு வாயில் எதுவுமே ருசிக்கவில்லை.

பார் பிடித்துப் பருத்தி விதைத்தாள். பரிசோதகர் சொன்னபடி பாரின் தோளில். ஆனாலும் அவரை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு பார்களில் மட்டும் பழையபடி உச்சியில் விதைத்தாள். அவர் சொன்னது பொய்யானால் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமே. ஈரம் மேலே ஏறாதிருக்க விதைத்த இடங்களுக்கு நடுவே காய்ந்த வைக்கோலைப் பரப்பினாள்.

விதைத்த மூன்றாம் நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. புரை எடுக்க ஆறு மாதம் முன்பே குறித்த தேதி. "எந்தக் கண்ணு?" என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே படுத்தாள். போன் மகளின் பையில் அணைந்து கிடந்தது. இரண்டாம் நாள் மேற்கே மழை கொட்டியது. மகள் வீட்டு ஜன்னலில் சத்தம் கேட்டது. பூட்டக்கா ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்து வானத்தின்மேல் சந்தேகப்பட்டாள்.

நான்காம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தாள். முதலில் பார்த்தது பூட்டை. உடைந்து சேற்றில் கிடந்தது. சங்கிலி அறுந்திருந்தது. பலகை இறங்கியிருந்தது. ஈர மண்ணில் இடது குதிகால் தேய்ந்த அதே செருப்பு.

வடிகாலை அடைத்துவிட்டான். விதை முளைக்கும் நேரம் பார்த்து அடைத்துவிட்டான்! நான்தான் ஏமாந்தேன், டேப்பைப் பார்த்து ஏமாந்தேன், சுயநலம் என்ற ஒரு வார்த்தைக்கு ஏமாந்தேன். மகளுக்குக் கொடுத்த வார்த்தை காதில் ஒலிக்க, சேற்றில் வழுக்கியபடி வயலுக்குள் ஓடினாள்.

முதல் பார். கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கழற்றினாள். பாரின் தோளில், வைக்கோலை ஒதுக்கிக்கொண்டு, இரண்டிரண்டு தடித்த இலையோடு பருத்தி முளைத்திருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. அடுத்த பாரிலும். அதற்கடுத்ததிலும். உச்சியில் விதைத்த இரண்டு பார்களில் மட்டும் அங்கொன்று இங்கொன்று, அதுவும் சோகையாக. அதைப் பார்த்து அவளுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அந்த மண் பரிசோதகர் பரீட்சையில் தேறிவிட்டார்.

திரும்பிப் பலகையிடம் வந்தாள். வெளிப்பக்கம், பள்ளத்தின் சுவரில், குழாய் வாய்க்கு ஒரு முழம் மேலே வரை குப்பையும் நுரையும் ஒட்டிய கோடு. பெரிய வடிகால் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. அந்தக் கோட்டுச் சேற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. பலகை தூக்கியபடியே இருந்திருந்தால் அத்தனையும் முளைகளின் மேல் நின்றிருக்கும். அவள் பூட்டிய பூட்டு அதைத் திறந்தேதான் வைத்திருந்தது.

கொழுந்தன் வரப்பில் வந்து நின்றான்.

"பூட்டை உடைச்சது நீதானே?"

"ஆமா."

"ஏன் ஒரு போன் பண்ணல?"

"பதினோரு தடவை பண்ணேன்."

மகளிடமிருந்து திரும்ப வாங்கிவந்த போனைப் பையிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தாள். கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, வந்து விழுந்த மிஸ்டு கால் செய்திகளை விரல் வைத்து எண்ணினாள். "பத்துதான் இருக்கு."

"ஒண்ணு உங்க பொண்ணு நம்பருக்கு."

"அவகிட்டக் கேக்கறேன்."

"கேளுங்க."

கேட்டாள். அன்று மாலையே கேட்டாள். "ஆமாம்மா, வேலையில இருந்தேன், எடுக்க முடியல" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முளைச்சுதா?" என்றாள். "பின்னறையை வேற யாருக்காவது விடு" என்றாள் பூட்டக்கா.

மறுநாள் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கினாள். சங்கிலியை மாற்றி, பலகையைத் தூக்கிப் பூட்டினாள். வளையத்தில் கோக்க எடுத்த இரண்டு சாவியில் ஒன்றைத் தனியே பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு வரப்பைத் தாண்டிப் போனாள்.

"இந்தா. தண்ணி ஏறினா இறக்கு. வேற எதுக்கும் தொடாத. தொலைச்சுட்டேன்னு மட்டும் வந்து நிக்காத."

கொழுந்தன் சாவியை வாங்கினான். சட்டைப்பையில் போடவில்லை. நேரே நடந்து போய், குனிந்து, அதைப் பூட்டில் செருகித் திருப்பிப் பார்த்தான். திறந்தது. மறுபடி பூட்டி, இழுத்தும் பார்த்தான்.

"என்ன தம்பி," என்றாள் பூட்டக்கா, "சந்தேகமா?"

"இத்தனை வருஷம் உங்க பக்கத்து வயல்ல இருக்கேனே அண்ணி" என்றான் அவன்.